விரிசல் விழுந்த வெள்ளைக் கோயில்

2014 மே 5, மாலை 6.08 மணி. தாய்லாந்தின் வடகோடியில் இருக்கும் சியாங் ராய் மாகாணம் குலுங்கியது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் அளவை 6.1 என்று கணக்கிட்டது. தாய்லாந்து வானிலைத் துறை 6.3 என்றது. கருவி வைத்து அளக்கத் தொடங்கிய பிறகு அந்த நாடு கண்ட மிகப் பெரிய நிலநடுக்கம் அது. வீடுகள் விரிசல் விட்டன, சாலைகள் பிளந்தன, பள்ளிக்கூடங்களின் தூண்கள் ஒடிந்தன. மையப்புள்ளியிலிருந்து அதிக தூரமில்லாத ரோங் குன் என்ற ஊரில், பால் வெள்ளையாக நிற்கும் ஒரு கோயிலின் கூரைமுனை முறிந்தது. ஓடுகள் சரிந்தன. உள்ளே சுவரோவியங்களின் குறுக்கே விரிசல் ஓடியது.

அந்தக் கோயிலைக் கட்டியவர் அப்போது உயிரோடு, அதே ஊரில் இருந்தார். இந்த ஒன்றினால்தான் இது மற்ற இடிபாடுகளின் கதையைப் போல இல்லை. பல நூறு வருடத்துக் கோபுரம் ஒன்று சரிந்தால், திரும்ப எழுப்பலாமா என்று கட்டியவனிடம் போய்க் கேட்க முடியாது. தொல்லியல் துறை முடிவெடுக்கும், அரசு பணம் ஒதுக்கும், அறிஞர்கள் சண்டை போடுவார்கள். இங்கே ஓவியர் சலெர்ம்சாய் கோசித்பிபத்திடமே கேட்டார்கள். எல்லாவற்றையும் இடித்துவிட வேண்டியதுதான், ஆட்கள் உள்ளே போவது பாதுகாப்பில்லை என்பதுதான் அவருடைய முதல் பதில். 1997-ல் தொடங்கிய வேலை அது. 17 வருடத்து உழைப்பைப் பற்றி ஒருவர் அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் மனது எவ்வளவு உடைந்திருக்க வேண்டும்!

பிறகு பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். கட்டடங்களின் அடிப்படை உறுதிக்குச் சேதமில்லை என்றார்கள். சலெர்ம்சாய் மனம் மாறினார். இரண்டு வருடத்தில் பழைய அழகுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன் என்று அறிவித்தார். மே 8 அன்றே வளாகத்தின் ஒரு பகுதி மக்களுக்குத் திறக்கப்பட்டது.

இந்தச் சில நாட்களுக்குள் ஒரு பெரிய கேள்வி எழுந்து அடங்கிவிட்டது. இந்தக் கோயிலை மறுபடி கட்டத்தான் வேண்டுமா? சீர்செய்தாகிவிட்டது என்பதால் அந்தக் கேள்வி தீர்ந்துவிடவில்லை. வெள்ளைக் கோயிலைப் பற்றி யார் பேசினாலும் அது இன்றும் திரும்ப வருகிறது.

முதலில் கோயிலைப் பார்த்துவிடுவோம். வாட் ரோங் குன் என்பது பழைய ஊர்க்கோயிலின் பெயர். 20-ம் நூற்றாண்டின் கடைசியில் அது பாழடைந்து கிடந்தது, சீர்செய்யப் பணமில்லை. அந்த ஊரில் 1955-ல் பிறந்த சலெர்ம்சாய், ஓவியம் விற்றுச் சேர்த்த சொந்தக் காசைப் போட்டு அதை முற்றிலும் புதிதாகக் கட்டத் தொடங்கினார். தாய்லாந்துக் கோயில் என்றால் பொன்னும் சிவப்பும்தான் கண்ணில் நிற்கும். இவர் வெள்ளையைத் தேர்ந்தார். புத்தரின் தூய்மைக்கு அதுவே நிறம் என்றார். சுதைவேலையின் வளைவு நெளிவெல்லாம் கண்ணாடிச் சில்லுகள். வெயில் ஏற ஏற அவை ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்ளும். அது புத்தரின் ஞான ஒளி.

சடங்குகள் நடக்கும் பிரதான மண்டபத்துக்குத் தாய்லாந்து மொழியில் உபோசோத் என்று பெயர். அதற்குப் போக ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும். பாலத்துக்கு முன்னால் ஒரு பள்ளம். பள்ளத்திலிருந்து நூற்றுக்கணக்கான கைகள் மேலே நீள்கின்றன. சில கைகள் திருவோடு போன்ற கலத்தை ஏந்தியிருக்கின்றன, சில வெறுமனே விரல்களை விரித்துத் துழாவுகின்றன. எல்லாம் சாம்பலும் வெள்ளையுமான கைகள். அவற்றுக்கு நடுவே ஒரேயொரு விரலின் நகத்தில் மட்டும் சிவப்புச் சாயம். கூட்டத்தோடு நடந்தால் அது கண்ணில் படாது. நின்று தேட வேண்டும். அடங்காத ஆசையைச் சொல்ல வந்த அத்தனை கைகளையும்விட அந்த ஒரு நகம் அதிகம் பேசுகிறது. பாலம் தாண்டினால் வாயிலில் காவலுக்கு நிற்பவர்கள் மரணமும் ராகுவும். கிரகணத்தன்று நம் வீடுகளில் பெயர் சொல்லப்படுகிற அதே ராகுதான்.

இதுவரை யாருக்கும் பெரிய தகராறு இல்லை. தகராறு உள்ளே இருக்கிறது. மண்டபத்தின் பின்சுவரில், வாசலைச் சுற்றி, தீச்சுவாலைக்கும் அரக்க முகங்களுக்கும் நடுவே மைக்கேல் ஜாக்சன் இருக்கிறார். மேட்ரிக்ஸ் படத்து நியோ, டெர்மினேட்டர், சூப்பர்மேன், ஹாரி பாட்டர், ஹலோ கிட்டி இருக்கிறார்கள். எரியும் இரட்டைக் கோபுரங்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பெட்ரோல் பங்க் குழாய் பாம்பாக நெளிகிறது.

இதைக் கோயில் என்று எப்படிச் சொல்வது என்று கேட்பவர்கள் உண்டு. இது சுற்றுலாக்காரர்களுக்குப் போட்ட காட்சிப்பந்தல், உடைந்தால் உடைந்ததுதான் என்பது அவர்களில் கடுமையானவர்களின் கருத்து. இன்னும் சிலர் கொஞ்சம் இறங்கி வருவார்கள்: கட்டட வேலை அருமை, அதைத் திரும்பக் கட்டட்டும், ஆனால் விரிசல் விழுந்ததையே சாக்காக வைத்து அந்தச் சினிமா ஆட்களை அழித்துவிட்டுப் புத்தரின் ஜாதகக் கதைகளை வரையட்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நான் இதை ஏற்கவில்லை.

தாய்லாந்துக் கோயில்களில் பிரதான புத்தர் சிலைக்கு எதிர்ச்சுவரில் மாரவிஜயத்தை வரைவது பழைய மரபு. போதிமரத்தடியில் அமர்ந்த சித்தார்த்தரை மாரன் தன் படையோடு வந்து கலைக்கப் பார்த்த காட்சி. புத்தரை மாரனை வென்றவராகப் போற்றும் மணிமேகலையைப் படித்த நமக்கும் அவன் தெரிந்தவன்தான். சலெர்ம்சாய் அந்த மரபை மீறவில்லை, மாரனின் படையை இந்தக் காலத்து ஆட்களைக் கொண்டு நிரப்பினார், அவ்வளவுதான். போர், எண்ணெய், பயங்கரவாதம், திரைநாயகர்களின் மேல் வைத்த பக்தி. நம் காலத்தில் மனதைக் கலைப்பவை இவைதாமே? யானை மேல் வரும் பழைய மாரனை இன்று யாரும் பயத்தோடு பார்ப்பதில்லை.

சமகாலத்தைக் கோயில் சுவரில் ஏற்றியதிலும் அவர் முதல் ஆளில்லை. 19-ம் நூற்றாண்டில், நான்காம் ராமா மன்னரின் காலத்தில், குருவா இன் கோங் என்ற பிக்கு பாங்காக் கோயில் சுவர்களில் ஐரோப்பியர்களையும் அவர்களது கட்டடங்களையும் கப்பல்களையும் வரைந்து அதன் வழியே தம்மத்தை விளக்கினார். ‘நான்’ என்ற பெயருள்ள நகரத்தின் வாட் பூமின் கோயில் சுவரிலும் வெள்ளைக்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். அவற்றை இன்று நாட்டின் செல்வம் என்று பாதுகாக்கிறார்கள். சலெர்ம்சாய்க்கு இந்தக் குற்றச்சாட்டு பழகிப்போனதும்கூட. 1980-களில் லண்டன் விம்பிள்டனில் உள்ள புத்தபதீப விகாரையில் அவரும் பன்யா விஜிந்தனசார்னும் வரைந்த சுவரோவியங்களில் மார்கரெட் தாட்சரின் முகம் இடம்பெற்றது. இது தாய்லாந்துக் கலையே அல்ல என்று பிக்குகளும் சக ஓவியர்களும் அரசும் அன்று சொன்னதை அவர் கேட்டுவிட்டு வந்தவர். பின்னாளில், 2011-ல், அதே அரசு அவரைத் தேசியக் கலைஞர் என்று கௌரவித்தது.

மூன்றாவதாக ஒரு கருத்து உண்டு. அதற்குப் பதில் சொல்வதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது. எல்லாம் அநித்தியம் என்று போதித்தவரின் கோயில் இது; பூமி அசைந்தது, கோயில் உடைந்தது, அப்படியே விட்டுவிடுங்கள், அந்த விரிசலே பெரிய போதனை என்கிறார்கள். இப்படி விடப்பட்ட கோயில் பக்கத்து நகரத்திலேயே இருக்கிறது. சியாங் மாயின் சேதி லுவாங், 15-ம் நூற்றாண்டில் அந்தப் பகுதியை ஆண்ட லான்னா அரசின் மிக உயரமான தூபி. 1545-ல் வந்த நிலநடுக்கத்தில் அதன் மேற்பகுதி சரிந்தது. 1990-களின் தொடக்கத்தில் யுனெஸ்கோவும் ஜப்பானும் உதவ, மிஞ்சியதைப் பலப்படுத்தினார்கள். அப்போது சேர்த்த சில பகுதிகள் லான்னா பாணியில் இல்லை என்ற குறை இன்றும் பேசப்படுகிறது. உச்சியை மட்டும் கட்டவேயில்லை. அது எப்படி இருந்தது என்று அடித்துச் சொல்ல ஆளில்லை. தலையில்லாத அந்தத் தூபியின் முன் விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள். அது அழகாகவும் இருக்கிறது.

ஆனால் சேதி லுவாங்கை இடிபாடாக விட்டதற்குக் காரணம் தத்துவம் இல்லை. கட்டிய கையும் கணக்கும் போய்விட்டன. ரோங் குன்னில் கை இருக்கிறது. எந்த வளைவில் எந்தச் சில்லை ஒட்டினோம் என்று அறிந்த சீடர்கள் இருக்கிறார்கள். அநித்தியத்தைக் காரணம் காட்டி, செய்யத் தெரிந்தவனின் கையைக் கட்டிப்போடுவது அந்தப் போதனைக்குச் செய்யும் மரியாதை ஆகாது. உடையும் என்று தெரிந்தேதான் உலகமெங்கும் கோயில் கட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பொதுமக்களின் கருத்துக்கு இந்த விஷயத்தில் எவ்வளவு இடம் என்பதற்குச் சலெர்ம்சாய் வெகு முன்பே ஒரு ஏற்பாடு செய்துவைத்திருந்தார். நன்கொடை தரலாம், ஆனால் ஒருவர் 10,000 தாய்லாந்து பாட் தொகைக்கு மேல் தரக் கூடாது. பெரிய தொகை கொடுத்தவர் நாளைக்கு வந்து அந்தப் படத்தை எடு, இந்தச் சிலையை வை என்று சொல்லக் கூடாது என்பதற்காகப் போட்ட வரம்பு அது. நிலநடுக்கத்துக்குப் பிறகு அவர் நன்கொடையை வரவேற்றார், மக்களும் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்குக் கோயிலில் பங்கு உண்டு, தூரிகையில் இல்லை. எனக்கு இது முழு நியாயமாகப் படுகிறது. விரும்பாதவர்கள் விமர்சிக்கட்டும், எதை வரைவது என்பதை வாக்கெடுப்புக்கு விட்டிருந்தால் அந்தச் சிவப்பு நகம் முதல் நாளே போயிருக்கும்.

பழுதுபார்த்து மண்டபம் மறுபடி திறந்தது. ஒன்பது கட்டடங்கள் என்ற முழுத் திட்டம் இன்னும் முடியவில்லை. 2070 வாக்கில் முடியும் என்பது கணக்கு. அப்போது சலெர்ம்சாய்க்கு 115 வயது ஆகியிருக்க வேண்டும். அதைத் தாம் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்துதான் சீடர்களைப் பழக்கி வைத்திருக்கிறார்.

சியாங் ராய் பக்கம் போகிறவர்கள் பாலத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பின்னால் வரும் கூட்டம் அவசரப்படுத்தும், பரவாயில்லை. அந்த நகத்தைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு பாலத்தில் ஏறுங்கள். ஏறிவிட்டால் திரும்பி வர விடமாட்டார்கள்.