தலவாக்கலையில் ஒரு தாயின் கேள்வி

தலவாக்கலை புகையிரத நிலையத்தில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தின் மீது பனிமூட்டம். 2012இல் அந்த மின்திட்டம் இயங்கத் தொடங்கியபின் சென்கிளேயர் நீர்வீழ்ச்சியில் முன்போல நீர் விழுவதில்லை.

அன்று மே 30, புனித ஜோன் ஒஃப் ஆர்க்கின் திருநாள். கொழுந்து நிறுத்துவிட்டுப் பிள்ளைக்காம்பராவில் கூடியிருந்த பெண்களுக்கு அவளது கதையைச் சொன்னேன்.

பிரான்சின் டொம்ரெமி கிராமத்து விவசாயியின் மகள். எழுத்தறியாதவள். 13 வயதளவில் புனிதர்களின் குரல் கேட்டதாகச் சொன்னாள். 1429இல் படையுடன் சென்று, ஆங்கிலேயரின் முற்றுகையிலிருந்து ஓர்லியன்ஸ் நகரை மீட்டாள். 1431இல், சுமார் 19 வயதில், சமயத் துரோகி என்று ரூவன் நகரில் எரிக்கப்பட்டாள். அவள் கேட்டது என்ன குரல்? இன்றுவரை விளங்காத புதிர் அது.

முன்னால் இருந்த அம்மா ஒருவர் குறுக்கிட்டார். 1977 வன்செயலில் வன்னிக்குப் போய், அங்கே போரில் மகனைத் தொலைத்துவிட்டுத் திரும்பியவர்.

“மிஸ், அந்தப் புள்ளயப் பெத்தவங்க என்னா செஞ்சாங்க?”

தையலும் நூல் நூற்பதும் தாயிடம் கற்றதாக ஜோன் விசாரணையில் சொல்லியிருக்கிறாள். அந்தத் தாய் இசபெல் ஓய்ந்துவிடவில்லை. பாப்பரசரிடம் முறையிட்டார். 1455இல், முதிய வயதில், பாரிஸ் பேராலயத்தில் நின்று மகளுக்கு நீதி கேட்டார். ஊரவர்கள் சாட்சி சொன்னார்கள். 1456இல் பழைய தீர்ப்பு செல்லாது என்றாயிற்று. 1920இல் திருச்சபை ஜோனைப் புனிதராக அறிவித்தது.

“இருபத்தஞ்சு வருசமா?” என்றார் அம்மா. பிறகு பைக்குள்ளிருந்து பொலித்தீனில் சுற்றிய கடதாசியை எடுத்துக் காட்டினார். மகனுக்காகக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி.

சகோதரிகளே, உங்கள் பிரதிகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.