ஆற்று நீரின் வெப்பம்

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மன்றத்தையொட்டி லிம்மாட் ஆறு ஓடுகிறது. 1938ஆம் ஆண்டில் அம்மன்றத்தில் வெப்ப எக்கி நிறுவப்பட்டபோது, குளிர்காலத்தில் தண்ணென்றிருக்கும் அவ்வாற்று நீரே அதற்கு வெப்ப ஊற்றாயிற்று. கைக்குக் குளிரும் நீரிலும் வெப்பம் உண்டு. அதனை உறிஞ்சி, உயர்த்தி, வீட்டினுள் விடுவதே எக்கியின் பணி. குளிர்சாதனப் பெட்டி தன் முதுகுப்புறம் வெப்பத்தைக் கழிப்பதும் இவ்வாறே. கோடையில் திசைமாற்றி இயக்கினால் அறை குளிரும்.

நல்ல நிலையில் ஒரு பங்கு மின்சாரத்திற்கு மூன்று பங்கு வெப்பம் கிடைக்கும். இக்கணக்கில் மயங்குதல் எளிது. வெளிக்காற்று உறையும் நாள்களில்தான் வெப்பம் மிகுதியாகத் தேவை; காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் எக்கி தளர்வதும் அந்நாள்களில்தான். நிலத்தின் ஆழத்தில் வெப்பநிலை அவ்வளவாக மாறுவதில்லை. ஆயினும் அங்குச் சென்றெட்டத் துளையிடுவதற்குப் பெரும்பொருள் வேண்டும்.

ஆதலின் குளிர்நாட்டில் எக்கி வாங்க விழைவோர், விலைப்பட்டியலைப் பார்க்குமுன் தம் வீட்டுச் சாளர இடுக்குகளையும் கூரையையும் பார்ப்பது நன்று. வெப்பம் கசியும் வீட்டில் அறைக்குழாய்களுக்கு மிகச் சூடான நீர் வேண்டும். நீரின் சூடு ஏற ஏற மின்செலவும் ஏறும். இடுக்கை அடைத்துக் கூரைக்கு வெப்பக்காப்பு இட்டபின், முன்னர் எண்ணியதினும் சிறிய எக்கியே போதுமானதாகிவிடும். பெரியதை முன்பே வாங்கிவிட்டவர் வீட்டிலோ அது அடிக்கடி நின்று நின்று ஓடிக்கொண்டிருக்கும்.