ஜம்பரை எங்கே குத்துவது?

கம்பளையில் பழைய அச்சக மேசைகளின் அடியிலிருந்து இன்னும் ஐடிஇ ஹார்ட் டிஸ்க்குகள் வருகின்றன. உள்ளே பேஜ்மேக்கரில் செய்த கலியாண அட்டைகள், பாமினி எழுத்துருவில் தட்டிய நினைவு மலர்கள். "தம்பி, உள்ளுக்கு இருக்கிறத மட்டும் எடுத்துத் தாங்க" என்பார்கள். யூஎஸ்பி அடாப்டர் போதாதா? மிகப் பழைய டிஸ்க்குகளைப் பல அடாப்டர்கள் கண்டுகொள்வதேயில்லை. அதற்காகவே ஒரு பென்டியம் மெஷினை வைத்திருக்கிறேன்.

ஒரே கேபிளில் தொங்கும் இரண்டு டிஸ்க்குக்கும் எல்லாக் கட்டளைகளும் போய்ச் சேரும். யார் பதில் சொல்வது என்பதை ஒரேயொரு பிட் தீர்மானிக்கிறது. 'நீ மாஸ்டர், நீ ஸ்லேவ்' என்று டிஸ்க்குக்குச் சொல்லிவைப்பது பயறளவு ஜம்பர்.

வெஸ்டர்ன் டிஜிட்டல்தான் அதிகம் ஏமாற்றும். தனியாக இருந்தால் ஜம்பரே வேண்டாம். இன்னொன்று கூட இருந்தால் மட்டுமே மாஸ்டர். தனி டிஸ்க்கை மாஸ்டரில் வைத்தால், சில பழைய மாடல்கள் இல்லாத ஸ்லேவைத் தேடும். பயோஸ் திரை அப்படியே நிற்கும். ஸ்லேவ் தன் சோதனையை முடித்ததாகச் சொல்ல, மாஸ்டர் 31 செகண்ட் வரை காத்திருக்கலாம் என்பது ஏடிஏ தரத்திலேயே உள்ளது. டிஸ்க் செத்துவிட்டது என்று ஒதுக்குமுன் இதைப் பார்ப்பது நல்லது. கழற்றிய ஜம்பரை எறியவும் வேண்டாம். எதையும் இணைக்காதபடி குறுக்கே இரண்டு பின்களில் மாட்டிவைக்கலாம்.

எங்கள் ஊர் ஈரத்தில் லேபிள் உரிந்துபோகும், பின்களில் பச்சை பிடிக்கும். ஐசோபுரோப்பைல் தொட்ட பிரஷ் போதும், சுரண்டக் கூடாது. லேபிள் இல்லையென்றால் போர்டில் அச்சிட்ட எழுத்தைத் தேடுவேன்: குவாண்டம் என்றால் டிஎஸ் (மாஸ்டர்), சிஎஸ் (கேபிள் செலக்ட்), பிகே (ஜம்பரைச் சும்மா மாட்டிவைக்கும் இடம்). லாப்டாப் டிஸ்க்கின் பின் இடைவெளி 2 மில்லிமீட்டர், 2.54 மில்லிமீட்டர் ஜம்பரை அதில் அழுத்தினால் பின்தான் வளையும்.

யார் மாஸ்டர் என்பதைக் கேபிளிடமே விடும் கேபிள் செலக்டை நான் நம்புவதில்லை. 80 கம்பிக் கேபிளில் கறுப்பு முனை மாஸ்டர், நடுச் சாம்பல் ஸ்லேவ் என்று ஒழுங்கு உண்டு. பழைய 40 கம்பிக் கேபிளில் அந்த உறுதி இல்லை.

32 ஜிபி என்று டிஸ்க்கைக் குறைத்துக் காட்டும் ஜம்பரும் உண்டு. பெரிய டிஸ்க்கைக் கண்டால் உறைந்துபோகும் 90களின் அவார்ட் பயோஸுக்காக வந்தது. கோப்பு எடுக்க வந்த டிஸ்க்கில் அதைத் தொடமாட்டேன். புதிதாகப் போட்டால் மிச்சப் பகுதி மறைந்துவிடும்.

கோனர் போன்ற ஆரம்பகால டிஸ்க்குகள் வேறு கம்பெனி டிஸ்க்கோடு ஒரே கேபிளில் ஒத்துப்போக மறுக்கும். அங்கே ஜம்பரை மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருப்பதில் பலனில்லை. சீடி டிரைவைக் கழற்றினால் இரண்டாவது ஐடிஇ வாய் சும்மாதானே கிடக்கிறது.