கூலி போக மிஞ்சுவது

கனடாவில் தொல்குடி ஓவியர்கள் வரைந்த சட்டைகளை விற்று, அந்தக் குடிப் பிள்ளைகள் தங்கள் காட்டிலும் ஆற்றங்கரையிலும் பெரியவர்களிடம் பயில்வதற்கு உதவித்தொகை திரட்டுகிறார்கள். பிள்ளைகளை நிலத்திலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்த நாடு அது. எனவே அந்த முயற்சிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. நம் பக்கத்தில் இதைப் பொருத்திப் பார்க்கக் காந்திகிராமத்தைவிட ஏற்ற இடம் எனக்குத் தெரியவில்லை. சின்னாளப்பட்டி மக்கள் தந்த நிலத்தில் 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய இந்த ஊரில் கதரும் பள்ளியும் ஒன்றாகவே வளர்ந்தன. கிழக்கே சிறுமலை, அங்கே பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகள். துணி இங்கே, காடு அங்கே. ஒன்றின் வருவாய் மற்றதன் கல்விக்குப் போகலாமா என்பதுதான் கேள்வி. போகலாம் என்பதே என் கட்சி. ஆனால் அதற்கு முன் ராட்டையைப் பார்த்தாக வேண்டும்.

அம்பர் ராட்டையை உருவாக்கியவர் ஏகாம்பரநாதன் என்ற தமிழர். பழைய ராட்டையில் ஒரு கதிர். இன்றைய அம்பரில் எட்டுக் கதிர்கள்கூட ஒரே சுழற்சியில் ஓடுகின்றன. நூற்கும் பெண்ணின் ஒரு கை கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்க, கண் எட்டு இழைகளின் மீதும் ஓடுகிறது. எங்கே அறுந்தாலும் மறு கை அங்கே போய் ஒட்டுகிறது. பார்ப்பவருக்கு எளிதாகத் தோன்றும் அந்த ஒட்டலில்தான் துணியின் தரம் முழுவதும் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் நூல் ஒரு சிட்டம். கூலி சிட்டக் கணக்கில். 2023 ஏப்ரலில் சிட்டத்துக்கு ஏழரை ரூபாயிலிருந்து பத்து ரூபாய், 2024 அக்டோபரில் பன்னிரண்டரை ரூபாய் என்று கதர் கிராமத் தொழில் ஆணையம் உயர்த்தியது. கணக்குக்கு அதைவிடக் கூட்டி 15 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். சென்டிமீட்டருக்கு இருபது இழை வீதம் பாவும் ஊடையும் ஓடும் துணியில், ஒரு சதுர மீட்டருக்கு நாலு சிட்டம், அதாவது 60 ரூபாய். ஒரு சட்டைக்கு இரண்டரை சதுர மீட்டர் என்றால் நூற்றவருக்கு 150 ரூபாய். அதே துணியில் ஓவியர் பெயரும் ஒரு பெருநகரக் கடையின் முத்திரையும் ஏறினால் விலை ஆயிரங்களுக்குப் போகிறது. நெய்தவர், சாயம் தோய்த்தவர், தைத்தவர், வரைந்தவர் எல்லோருக்கும் கொடுத்த பிறகும் பெருந்தொகை மிஞ்சும். அது கடை வாடகையிலும் இடைத்தரகர் கமிஷனிலும் கரைகிறது. நூற்றவள் கையைக் கடை தன் விளம்பரத்தில் படமாகப் போட்டுவிட்டு, அந்தக் கைக்குரியதைக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த பணத்தில் ஏழைப் பிள்ளைக்கு உதவித்தொகை வழங்குவதை நான் தர்மம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அது ஒரு ஏழையிடம் எடுத்து இன்னொரு ஏழைக்குக் கொடுப்பது.

கூலியை ஏற்றினால் விலை ஏறும், விற்பனை படுக்கும் என்பார்கள். இந்த ஆட்சேபணை புதியதல்ல. 1935இல் நூற்பவர்களுக்கு வாழ்கூலி வேண்டும் என்று காந்தி வற்புறுத்தியபோது கதர் இயக்கத்துக்குள்ளேயே இந்த அச்சம் இருந்தது. அகில இந்திய சர்க்கா சங்கம் கூலியை உயர்த்தியது, கதர் விலையும் ஏறியது. அதனால் இயக்கம் மடிந்துவிடவில்லை. தள்ளுபடிக்காகக் காந்தி ஜயந்தி வரை காத்திருந்து வேட்டி வாங்குபவரின் கணக்கு வேறு என்பது உண்மைதான். அவர் தலையில் கல்விச் செலவை ஏற்றச் சொல்லவில்லை. ஓவியர் பெயருக்காக ஏற்கெனவே பல மடங்கு கொடுக்கத் தயாராக இருப்பவரிடம், அந்தக் கூடுதல் தொகை எங்கே போகிறது என்று ரசீதில் அச்சடித்துக் காட்டச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் இன்னொரு ஆட்சேபணை எழும், எழ வேண்டும். கைத்தொழிலையும் கல்வியையும் சேர்த்துப் பேசினாலே நமக்கு 1953 நினைவுக்கு வருகிறது. பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பெற்றோர் தொழிலைப் பழகச் சொன்ன ராஜாஜியின் திட்டத்தைக் குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார்; 1954இல் காமராஜர் அதைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு சரியானது. அதற்கும் முன்னால், 1937 வார்தா மாநாட்டில், பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றே ஆசிரியர் சம்பளம் கொடுக்கலாம் என்ற காந்தியின் யோசனையைப் பொருளியலாளர் கே.டி. ஷா ஆட்சேபித்தார். பிள்ளையின் உழைப்பில் பள்ளி நடக்கக் கூடாது என்பதில் நான் ஷா பக்கம். இங்கே நான் கேட்பது அதற்கு நேர்மாறானது: வளர்ந்தவர்கள் முழுக் கூலிக்குச் செய்த துணியின் உபரியில் பிள்ளை படிக்க வேண்டும். பளியர் வீட்டுப் பெண் தேனும் கிழங்கும் மூலிகையும் அறிந்தவளாகவே மருத்துவமோ வனவியலோ படிக்கப் போகலாம். எதைப் படிப்பது என்பதை அவள் பிறப்பு தீர்மானிக்கக் கூடாது. அதே சமயம், காட்டைப் பற்றி அவள் பாட்டி அறிந்ததைப் பள்ளி அறியாமை என்று தள்ளவும் கூடாது. குலக்கல்வி கதவை மூடியது. நிலம் சார்ந்த கல்வி இன்னொரு கதவையும் திறக்க வேண்டும்.

பணத்தை யார் கையில் வைப்பது என்பதில்தான் இத்தகைய முயற்சிகள் பெரும்பாலும் கெடுகின்றன. தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் லம்பாடிப் பெண்கள் தங்கள் எம்பிராய்டரியைப் ‘போர்கை’ என்ற தங்கள் அமைப்பின் வழியே விற்கிறார்கள். தரகருக்கு அங்கே வேலை குறைவு. சிறுமலைக்கான நிதி என்றால் அதன் குழுவில் நூற்பவர்களும் பளியர் குடும்பங்களும் பாதிக்கு மேல் இருக்க வேண்டும், கடைக்காரர்கள் அல்ல. தேன் எடுக்கும் பருவத்தில் பிள்ளை காட்டுக்குப் போகும் நாட்கள் பாட நாட்களாகவே பதிவாக வேண்டும். அந்த நாட்களில் சொல்லிக்கொடுக்கும் பெரியவருக்கு, பள்ளி ஆசிரியருக்குக் கொடுக்கும் நாள் சம்பளத்தையே இந்த நிதியிலிருந்து கொடுக்க வேண்டும்.