தலைக்கு எவ்வளவு?

மஸ்ஜித் ஜாமெக் ஸ்டேஷனில் இறங்கியதும் என் கண் லாரிகளைத்தான் தேடியது. நம்மூரில் கூட்டமென்றால் ஓரமாக வேனும் லாரியும் நிற்கும். தலைக்கு 200 ரூபாய், பிரியாணிப் பொட்டலம், பொழுது சாய்ந்தால் குவார்ட்டர். கோலாலம்பூரில் ஒரு லாரியைக் காணோம். 2015 ஆகஸ்ட் 29, நியாயமான தேர்தல் கேட்டு நடந்த ‘பெர்சே 4’ பேரணி. அந்தப் பெயர் அச்சிட்ட மஞ்சள் உடுப்புக்கு உள்துறை அமைச்சு தடை போட்டிருந்தது. ஜாலான் துன் பேராக் முழுக்க அந்தச் சட்டைதான்.

மெர்டேக்கா சதுக்கத்தைத் தடுப்பு வைத்து அடைத்துவிட்டார்கள். ஜனம் நடுரோட்டிலேயே பேப்பர் விரித்து உட்கார்ந்துவிட்டது. “ஊர்லேர்ந்து வந்தவரா? உக்காருங்க தம்பி” என்று ஒரு அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சட்டை சொந்தக் காசாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஒரு சீனப் பையன் கூடையோடு வந்து வாழையிலைப் பொட்டலங்களைக் கொடுத்துக்கொண்டே போனான். நாசி லெமாக். எந்தக் கட்சி என்றேன். “கட்சியா! அவங்க அம்மா விடிகாலையில எழுந்து கட்டினது லா” என்றார் அம்மா. சனிக்கிழமை என்பதால் நெத்திலியையும் சம்பாலையும் வழித்து என் இலைக்குத் தள்ளிவிட்டு, தேங்காய்ப்பால் சோற்றை வேர்க்கடலையோடு பிசைந்தார். அந்தச் சம்பாலுக்காகவே இன்னொரு பேரணிக்கு வரலாம்.

விரல் மையைப் பற்றிப் பேச்சு வந்தது. நமக்கு வாரக்கணக்கில் போகாத சமாசாரம். அங்கே 2008 தேர்தலுக்கு மை வாங்கி வைத்தவர்கள், வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் இருக்கும்போது வேண்டாமென்று விட்டார்கள். 2013-இல் ஒருவழியாக வைத்தார்கள். “வீட்டுக்குப் போயி சட்டி கழுவினேன், மை போயே போச்சு!” அது உணவுக்குப் போடும் சாயம்தான் என்று அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்தத் தேர்தலில் சுமார் 47 விழுக்காடு ஓட்டு வாங்கிய ஆளுங்கூட்டணி பாரிசான் நேசனலுக்கு 222-இல் 133 இடம். ஜனம் தெருவுக்கு வராமல் என்ன செய்யும்?

சாயங்காலம் அம்மாவின் தம்பி அவரைக் கூட்டிப்போக வந்தார். வந்ததும் வராததுமாகச் சண்டை. “இது நம்ம கூட்டமா? 2007 நவம்பர்ல ஹிண்ட்ராப் கூட்டத்துல நம்ம சனங்க மேல புகையடிச்சு மருந்துத் தண்ணி பீச்சினாங்களே, இவனுங்கள்ல எத்தன பேரு வந்தான்?” கூட்டத்தில் சீனர்கள் அதிகம், மலாய்க்காரர்கள் குறைவு என்பது எனக்கும் தெரிந்தது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

அம்மா இலையை மடித்தார். “நீயே வரலயேடா அன்னிக்கு! நான்தான் கண்ணெரிய ஓடினேன்.”

தம்பி வாயை மூடிக்கொண்டார். அதற்குள் மகாதீர் வந்திருக்கிறார் என்று கூட்டம் எழும்பியது. 22 வருஷம் பிரதமராக இருந்தவர், இப்போது பிரதமர் நஜிப்பின் கணக்கில் விழுந்த 260 கோடி ரிங்கிட்டைக் கேட்டுத் தெருவுக்கு வந்திருக்கிறார். ஒரே கைதட்டல். அம்மா தட்டவில்லை. “இவரு ஜெயிச்சதும் இதே மாதிரித் தேர்தல்லதான்” என்றவர், என் பக்கம் திரும்பினார்.

“உங்க ஊர்ல ஓட்டுக்கு எவ்வளவு தர்றாங்க தம்பி?”

சொன்னேன். அதுவரை முறைத்துக்கொண்டிருந்த தம்பி, ரூபாயை ரிங்கிட்டாக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

“பரவாயில்லையே! எங்களுக்கு வெறும் அரிசி மூட்டதான்.”