சக்கரத்துக்கு ஒரு கல்

குன்னூர் பெட்ஃபோர்டிலிருந்து மேலேறும் கிளைச்சாலையில் அந்த வெள்ளைக் கார் எப்போதும் இறக்கம் பார்த்தே நிற்கும். முன்சக்கரத்தடியில் ஒரு கருங்கல். மலைக்காரர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். செல்ஃப் எடுக்கவில்லையென்றால் கல்லை உருவி, இரண்டாம் கியரில் கிளட்சை மிதித்தபடி உருளவிட்டு, வேகம் பிடித்ததும் காலை எடுத்தால் என்ஜின் உறுமும். சமவெளியில் நாலு பேர் தள்ள வேண்டியதை இங்கே சரிவு செய்துவிடுகிறது.

எதிர் டீக்கடை பெஞ்சு என் இடம். ஜனவரிக் காலை, தேயிலைச் சரிவில் பனி இன்னும் விலகவில்லை. காரின் சொந்தக்காரர் அருவங்காட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மப்ளருக்குள்ளிருந்து முகம் பாதிதான் தெரிந்தது. எலக்ட்ரீஷியன் பையனுக்கு இருபத்தைந்து இருக்கும். இரவெல்லாம் கடையில் சார்ஜ் ஏற்றிய பேட்டரியைத் தோளில் சுமந்து வந்திருந்தான்.

“மூணு நாள் நிறுத்தினா போச்சு தம்பி. ரெண்டு பேட்டரி மாத்திட்டேன்.”

“சாவி குடுங்க சார்.”

வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பேட்டரியை வைத்தான், 12.6 வோல்ட், நிறைந்த பேட்டரி. மைனஸ் ஒயரை மட்டும் மாட்டாமல், அதற்கும் முனைக்கும் நடுவே மீட்டரைக் கோத்தான். சாவியை ஏன் பதுக்கினான் என்பது அப்போதுதான் புரிந்தது. பத்து ஆம்பியர் தாங்கும் மீட்டர் அது. யாராவது மறந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் நூறுக்கு மேல் இழுக்கும்.

திறந்த கதவின் பூட்டு நாக்கை ஸ்குரூ டிரைவரால் அழுத்தி மூடினான். கதவு சாத்தியாயிற்று என்று வண்டி நம்ப வேண்டும். பிறகு சாலையைக் கடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னான்.

பெரியவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. “ஆரம்பிக்கலையா தம்பி?”

“ஆரம்பிச்சாச்சு சார். வண்டி தூங்கணும். இருபது நிமிஷம்.”

“டைனமோதான்” என்றார் டீ மாஸ்டர், கண்ணாடி கிளாஸைக் கழுவியபடி. பச்சைத் தேயிலை ஏற்றிப்போக வந்த லாரி டிரைவர் விடவில்லை: “குளிருங்க. தலைகுந்தால புல்லு வெள்ளையா கெடக்கு. பேட்டரி என்ன பண்ணும்?”

டிரைவர் சொன்னதில் பாதி உண்மை. உறைநிலையில் ஈய பேட்டரியின் வலு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். என்ஜின் ஆயிலும் கெட்டிப்படும். பேட்டரியின் ஆயுளை அதிகம் தின்பது என்னவோ வெயில்தான். கோவையில் தேய்ந்தது குன்னூரில் ஏறி வந்து படுத்துக்கொள்ளும். பையன் டீயை ஊதிக்கொண்டே சொன்னான்: “குளிர்னா மொத நாள் காலையிலயே படுத்திருக்கணும்ணா. இது மூணாம் நாள்தானே படுக்குது.” அதற்கு மேல் யாரும் குளிரைப் பற்றிப் பேசவில்லை.

மீட்டரில் 2.8 இருந்தது 0.9 ஆகி, 0.43இல் நின்றது. அசையவில்லை. கடிகாரமும் அலாரமும் குடிக்க 0.05 ஆம்பியரே தாராளம். ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர்-மணி என்று மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தேன். 35 ஆம்பியர்-மணி பேட்டரி. மூன்றாம் நாள் கணக்கு சரியாக வந்தது. 1859இல் கஸ்தோன் பிளான்தே ஈயத் தகடுகளை அமிலத்தில் முக்கிச் செய்ததன் வாரிசு இது. ஒவ்வொரு முறை அடியோடு இறங்கும்போதும் தகட்டில் சல்பேட் இறுகிவிடும், முழுதாக மீளாது. பெரியவரின் இரண்டு பேட்டரிகளும் அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

பையன் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துத் திரும்பச் செருகினான். ஒன்பதாவதைப் பிடுங்கியதும் மீட்டர் 0.02க்கு விழுந்தது. ரூம் லைட் ஃபியூஸ். கூரை விளக்கோ எரியவே இல்லை.

“ஸ்டீரியோ!” என்றார் மாஸ்டர், டைனமோவை அதற்குள் கைவிட்டவராய். ஸ்டீரியோவின் சாக்கெட்டையும் கழற்றினான். எண் மாறவில்லை.

பையன் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, டிக்கிக்குள் வைத்து மூடினான். ஒரு நிமிடம் கழித்து எடுத்தபோது எல்லோரும் தலையை நுழைத்தோம். இருட்டாக இருக்க வேண்டிய படத்தில் குடை, சாக்கு, ஸ்டெப்னி எல்லாம் நாடக மேடைபோல் பளிச்சென்று தெரிந்தன. அடியில் அமுங்கிய குரல்கள், எங்களுடையவைதான்.

பல்பைத் தொட்டுப் பார்த்த பெரியவர் விரலை எடுத்துக்கொண்டார். அந்தக் காலையில் வண்டியில் சூடாக இருந்தது அது ஒன்றுதான். ஐந்து வாட். மூடும்போது சுவிட்சை அழுத்த வேண்டிய ரப்பர் குமிழ், காய்ந்து கழன்று, சாக்குக்கடியில் கிடந்தது. டிக்கியைச் சுற்றிய ரப்பரும் ஒரு மூலையில் கிழிந்திருந்தது.

அந்த மூலையைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. போன வாரம் ஓர் இரவு, கடை சாத்திய பிறகு இந்த வழியே போனபோது அங்கே ஒரு மஞ்சள் கோடு கண்டேன். தெருவிளக்கு படுகிறது என்று போய்விட்டேன். இப்போதும் சொல்லவில்லை.

பையன் சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி மடித்து ஒட்டினான். டிக்கியை மூடிக் காத்திருந்தான். 0.03. மைனஸ் ஒயரை மாட்டி, சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான். முதல் திருகலிலேயே செல்ஃப் எடுத்தது.

பெரியவர் மார்க்கெட் வரை போய்வந்தார். திரும்பியதும் வண்டியை முன்பின் நகர்த்தி, இறக்கம் பார்த்து நிறுத்தினார். இறங்கி, ஓரத்தில் கிடந்த கருங்கல்லைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தார்.