தும்பறைப் பாயும் எங்கள் பன்பாயும்

"ஒரு பாய் பார்க்கிறதுக்கு இவ்வளவு தூரமா?" என்று அம்மா கேட்டா. அதிகாலை நான்கு மணிக்கு வேன் வாசலில் வந்து நின்றது. உள்ளே ஏற்கெனவே ஏழு பெண்கள் இருந்தார்கள். ஆறு பேர் படுவான்கரைக் கிராமங்களில் பன்பாய் பின்னுபவர்கள். ஏழாமவர் காத்தான்குடிப் பக்கத்திலிருந்து வந்த ராத்தா. அவவும் பாய்க்காரிதான். எல்லோரும் தங்கள் உழைப்பில் குடும்பம் நடத்துகிறவர்கள்.

நாங்கள் போனது கண்டி மாவட்டத்தில் குண்டசாலைக்கு அண்மையில் உள்ள ஹேனாவலக் கிராமத்துக்கு. சிங்களத்தில் 'தும்பற ரட்டா கலால' என்று சொல்லப்படும் கோலப்பாய்கள் அங்குதான் நெய்யப்படுகின்றன. 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இந்தக் கைவினையை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அந்தச் செய்தியை வாசித்த நாளிலிருந்தே இவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல எனக்கு வெட்கம். சில வருடங்களுக்கு முன் உல்லாசப் பயணிகள் வரும் கடை ஒன்றில், அசல் தும்பறைப் பாய் என்று சொன்னதை நம்பி ஒரு விரிப்பு வாங்கினேன். கறுப்பு, சிவப்பு, மஞ்சளில் வைரக்கட்டங்கள் போட்ட அழகான விரிப்பு. முதல்முறை தண்ணீரில் நனைத்தபோதே சிவப்பு ஓடி மஞ்சளில் கலந்துவிட்டது. பாய் பின்னுகிற பெண்களோடு பழகுகிற எனக்கே பாய் பார்த்து வாங்கத் தெரியவில்லை.

செங்கலடியில் கறுத்தப் பாலத்தைக் கடக்கும்போது வேனுக்குள் பேச்சு நின்றது. அந்தச் சோதனைச் சாவடியில் எத்தனை மணித்தியாலம் வெயிலில் நின்றிருப்பார்கள் என்பது இவர்களுக்குத்தான் தெரியும். 2007இல் படுவான்கரையே எழும்பி ஓடியபோது, இவர்களில் ஒருவர் தலையில் கொண்டுவந்தது ஒரு சுருட்டிய பன்பாய் மட்டுந்தான். முகாமில் நான்கு பிள்ளைகளும் அதில்தான் படுத்தார்கள். கணவர் அந்த வருடம் காணாமற்போனவர். இக்கட்டுரையில் அவரைப் 'பெரியக்கா' என்றே எழுதுகிறேன்.

மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை. பிறகு பதினெட்டு வளைவுகள். இரண்டு பேருக்குச் சத்தி வந்தது, அதற்கு மேல் அந்த மலைப்பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். தெல்தெனியவில் விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்த்ததும், பழைய தெல்தெனிய நகரம் இந்தத் தண்ணீருக்குக் கீழேதான் கிடக்கிறது என்று சாரதி சொன்னார். "அப்ப இந்த ஆக்களும் இடம்பெயர்ந்ததுகள்தானா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

திகனையில் ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டா. 2018 மார்ச்சில் இந்தச் சந்தியைச் சுற்றி முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதை நாங்கள் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள். பயணத்துக்கு முன் அதை நான் யோசிக்கவே இல்லை. பெரியக்கா இருக்கை மாறி ராத்தாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். இருவரும் எதுவும் பேசவில்லை, பிஸ்கட் பெட்டியைத் திறந்து பகிர்ந்து தின்றார்கள்.

ஹேனாவலவில் எங்களை வரவேற்ற அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்களை 'நங்கி' என்று கூப்பிட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மொழிபெயர்த்தேன். முதலில் அவர் காட்டியது பாயை அல்ல, செடியை. 'ஹண' என்பது எங்கள் ஆனைக்கற்றாழை போன்ற ஒரு செடி. அதன் நீண்ட இலையை மரக்குற்றியில் வைத்துச் சுரண்டினால் சதை கழன்று வெள்ளை நார் மிஞ்சுகிறது. அந்தச் சாறு பட்டால் கை கடிக்கும். நாரைக் கழுவிக் காயவைத்துச் சாயமிடுகிறார்கள். முன்பு சிவப்புக்குப் பதங்கிக் கட்டையையும் மஞ்சளுக்கு மரமஞ்சளையும் அவித்தார்களாம். இன்று கடைச் சாயமும் உண்டு. ஹண கிடைப்பது குறைந்துவிட்டதால் பருத்தி நூலிலும் நெய்கிறார்கள்.

தறி தரையோடு சேர்ந்தது. பன்பாய்க்குத் தறி கிடையாது, கைதான் தறி. ஆகவே எங்கள் பெண்கள் சுற்றிக் குந்தியிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோலம் போட வேண்டிய இடத்தில் அந்த அம்மா கூரான குச்சி ஒன்றால் பாவு நூல்களை எண்ணித் தூக்கி, அதற்குள்ளே நிற நாரைச் செலுத்தினார். எந்தத் தாளிலும் வரைந்து வைத்திருக்கவில்லை, எண்ணிக்கை முழுவதும் மனதில். நூல் குறுக்கும் நெடுக்குமாகவே போவதால் வளைவு வராது. யானையின் முதுகும் மானின் கழுத்தும் படிக்கட்டு மாதிரித்தான் ஏறி இறங்கும். வைரமும் முக்கோணமும் நெளிகோடும் இந்தப் பாயில் இவ்வளவு அழகாக அமைவதற்குக் காரணம் அதுதான்.

இந்த நெசவைச் செய்து வந்தவர்கள் கின்னர என்ற சமூகத்தினர். கண்டி இராச்சியத்தில் இருபது வருடம் வரை கைதியாக இருந்த ரொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் இந்தப் பாய்நெய்வோரைத் தனிச்சாதியாகக் குறிப்பிடுகிறார். அந்த ஆண்கள் தலையில் எதுவும் அணியக்கூடாதாம். தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமியும் 1908இல் வெளிவந்த தமது சிங்களக் கலைகள் பற்றிய நூலில் இவர்களின் நெசவை விபரித்திருக்கிறார். பாய் அரண்மனைக்குள் போனது, நெய்தவர் ஊருக்கு வெளியே இருந்தார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது சாதி என்பது எனக்குப் பரீட்சைக் கேள்வி. ஹேனாவல முற்றத்தில் தேநீர் வந்தபோது எங்கள் பெண்களில் ஒருவர் என் காதில் மெல்ல, "மிஸ், இவங்க என்ன ஆக்கள்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என் அப்பம்மா வீட்டில் கூடை கொண்டுவருகிறவருக்கு வேறு கோப்பையில் தேநீர் ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். "பாய்க்கார ஆக்கள். உங்களைப் போல" என்று சொன்னேன். அவர் தேநீரைக் குடித்தார்.

பாய் தெரிவு செய்வது எப்படி என்று அந்த அம்மாவிடமே கேட்டேன். எங்கள் பெண்களும் தங்களுக்குத் தெரிந்ததைச் சேர்த்துச் சொன்னார்கள். பாயின் முகத்தைப் பார்க்காதே, முதலில் புரட்டிப் பார் என்றார் அவர். கைநெசவென்றால் நூல் எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று பின்பக்கத்தில் தெரியும். அச்சடித்த கோலமாயின் பின்புறம் வெளிறிக் கிடக்கும். வெள்ளைத் துணியை நனைத்து ஒரு மூலையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் ஏறினால் வாங்க வேண்டாம். (அன்று இதைச் செய்திருந்தால் என் காசு தப்பியிருக்கும்.) வெளிச்சத்துக்குப் பிடித்தால் நெசவின் நெருக்கம் தெரியும். ஓரம் ஒழுங்காக மடித்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும், பாய் பிரியத் தொடங்குவது ஓரத்தில்தான் என்று ராத்தா சொன்னா. கோலத்தில் ஒரு சிறு பிசகு இருந்தால் அதற்காகப் பாயை ஒதுக்கத் தேவையில்லை.

தும்பறைப் பாய் சுவருக்கும் மேசைக்கும் மெத்தை உறைக்கும் நல்லது. நாலு பிள்ளைகள் ஓடுகிற வீட்டில் நிலத்தில் போட நான் சொல்லமாட்டேன். அதற்கு எங்கள் பன்பாய்தான். இடமும் பார்க்க வேண்டும். சிறிய அறைக்குப் பெரிய கட்டங்கள் போட்ட பாயை விரித்தால் அறை இன்னும் சுருங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம். ஈரச் சுவரில் மாட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், நேர் வெயிலில் நிறம் மங்கும்.

விலைக்கு வந்தபோதுதான் பெரியக்கா வாய் திறந்தார். சுவரில் மாட்டும் பாய் ஒன்றைக் காட்டி, இதற்கு எத்தனை நாள் என்று கேட்கச் சொன்னார். ஐந்து நாள் என்றார் அந்த அம்மா. பிறகு விலையைச் சொன்னார். நார் சுரண்டியது, சாயம் அவித்தது, நெய்தது என்று விரல் மடித்து ஒவ்வொரு நாளையும் கணக்கில் சேர்த்தார். பெரியக்கா என்னைப் பார்த்தார். "பன் வெட்டக் குளத்துக்குள்ள இறங்கிற நாள நான் ஒருக்காலும் கணக்குப் பார்க்கயில்ல மிஸ். பின்னுற நாளத்தான் சொல்லுவன். அதிலயும் வியாபாரி குறைப்பான்."

செலவுக் கணக்குப் பற்றி அவருக்கு இரண்டு செயலமர்வு நடத்தியவள் நான்.

புறப்படும்போது எல்லோரும் சின்னதாக ஏதாவது வாங்கினார்கள். ராத்தா மகளின் புது வீட்டுக்கு மேசைவிரிப்பு எடுத்தா. பெரியக்கா வெகுநேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்து, நடுவில் ஒரேயொரு வைரம் உள்ள சிறு துண்டை எடுத்தார். வளைவுகளில் வேன் இறங்கும்போது மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்க, அவர் அதைக் கவிழ்த்து மடியில் வைத்துப் பெருவிரலால் ஒவ்வொரு வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தார்.

அடுத்த மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் பாதி பின்னிய பன்பாய் கிடந்தது. நடுவில் சிவப்பில் அந்த வைரம், ஒரு பக்கம் கொஞ்சம் இழுபட்டிருந்தது. வியாபாரி வந்து போயிட்டானா என்று கேட்டேன்.

"வந்தவன். பன் வெட்டின ரெண்டு நாளையும் சேர்த்துச் சொன்னன். ஏசிப்போட்டுப் போயிட்டான். திரும்பி வருவானோ தெரியாது" என்றார். பிறகு பாயைத் தன் பக்கம் இழுத்து, "இதில ஒரு வரிசை பிசகிப் போச்சு மிஸ். அவிழ்க்க வேணும், கொஞ்சம் தள்ளி இருங்க" என்றார்.